பாத்திக்கு மண்தான் உடம்பு, எரு சாப்பாடு

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் மண்ணையும் சாணியையும் பற்றிப் பேசு என்று என்னை அனுப்பிய செயலாளரின் துணிச்சலை முதலில் பாராட்டுகிறேன். "நீதானேப்பா மண்ணு டெஸ்ட் பண்ற ஆளு, நீயே சொல்லு" என்றார். உண்மைதான். இந்தக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டுப் போன நான், மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மண்ணைக் கரைத்து, வடிகட்டி, அளந்து பார்த்தே காலத்தைக் கழித்தவன். மற்ற நண்பர்கள் வங்கி, காவல்துறை, கம்ப்யூட்டர் என்று பெரிய விஷயங்களைப் பேசினார்கள். நான் ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் போகப் போவதில்லை.

விஷயம் உங்களுக்குத் தெரியும். விடுதிச் சமையலறைக்குப் பின்னால், பழைய கொட்டகையை இடித்த இடத்தில், நம் சங்கச் செலவில் பத்து மேட்டுப்பாத்திகள் கட்டியாகிவிட்டது. ஒவ்வொன்றும் பத்தடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீரை, தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் போட்டு விடுதிக்கே கொடுக்க வேண்டும் என்பது திட்டம். செங்கல் வேலை முடிந்தது. மண் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் லோடு சொல்லப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கட்டிய சுவரில் குறை இருந்தால் இடித்துக் கட்டலாம். நிரப்பிய பாத்தியில் குறை இருந்தால் அறுநூறு கன அடி மண்ணை யார் அள்ளி வெளியே போடுவது? அதனாலதான் இன்னைக்கே பேச வேண்டியிருக்கு.

பாதிக்குப் பாதி என்ற கணக்கு

கலவை சப்ளை செய்கிறவர் ஒருவர் கொடுத்த விவரத்தைப் பார்த்தேன். மண் பாதி, எரு பாதி. "எருவு எவ்வளவு போடுறோமோ அவ்வளவு நல்லதுங்க சார்" என்று சொல்லியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் எல்லோரும் படித்தவர்கள்தானே.

ஒரு பாத்தியின் கொள்ளளவு பத்து, நாலு, ஒன்றரை பெருக்கினால் 60 கன அடி. பத்துப் பாத்திக்கு 600 கன அடி. லாரிக்காரர் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட், ஆக ஆறு யூனிட். பாதி எரு என்றால் ஒரு பாத்திக்கு 30 கன அடி எரு. மக்கிய தொழு உரம் ஈரத்தைப் பொறுத்து எடை மாறும் என்றாலும், குத்துமதிப்பாக ஒரு பாத்திக்கு அரை டன் வரும்.

இப்போது வயல் கணக்கைப் பாருங்கள். காய்கறிப் பயிருக்கு அடியுரமாக ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் இடுங்கள் என்பதுதான் நம் ஊரில் வழக்கமாகச் சொல்லப்படும் பரிந்துரை. அதை ஒரு சதுர மீட்டருக்குக் கொண்டுவந்தால் இரண்டரை கிலோ. நம் பாத்தி ஒன்றின் பரப்பு நாற்பது சதுர அடி, அதாவது மூணே முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக ஒரு பாத்திக்கு ஒரு பயிருக்கு வேண்டியது பத்துக் கிலோவுக்குள்தான். கொத்தனார் வைத்திருக்கும் இரும்புச் சட்டியில் நிறைவாக ஒரு சட்டி. பத்துக் கிலோ போதும் என்கிற இடத்தில் அரை டன். ஐம்பது மடங்கு!

"வயல் வேற, பாத்தி வேற" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. புதிதாக உண்டாக்கும் மண்ணுக்கு ஆரம்பத்தில் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் எவ்வளவு கூடுதல் என்பதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டட் என்ற இடத்தில் 1843-ல் ஒரு கோதுமை வயலில் சோதனை தொடங்கினார்கள். அதில் ஒரு பகுதிக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் வீதம் தொழு உரம் போட்டு வருகிறார்கள். அந்தக் கணக்கில் நம் பாத்திக்கு வருஷத்துக்குப் பதிமூன்று கிலோ. நூற்று எழுபது வருஷத்துக்கு மேல் போட்டும் அந்த மேல்மண்ணில் உள்ள கரிமம் எடைக்கு நூற்றுக்கு மூன்றை ஒட்டித்தான் நிற்கிறது. அதுவும் குளிர் தேசம். நம்ம ஊர் வெயிலில் மக்கு இன்னும் வேகமாகக் கரைந்துபோகும். அவர்கள் நாற்பது வருஷம் கொடுத்த சாப்பாட்டை நாம் ஒரே பந்தியில் பரிமாறிவிட்டு, "நல்லா சாப்பிடு" என்கிறோம்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பாத்திக்கு மண்தான் உடம்பு. எரு சாப்பாடு. உடம்பை ஒரு தடவை ஒழுங்காகக் கட்ட வேண்டும். சாப்பாட்டை அளவாக, வேளாவேளைக்குப் போட வேண்டும்.

அதிகம் போட்டால் என்ன ஆகும்?

முதலில் பாத்தி இறங்கும். எரு என்பது பெரும்பாலும் கரிமப் பொருள். நுண்ணுயிர்கள் அதைத் தின்று மூச்சாக விடும்போது கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். பாதி எருவாக நிரப்பிய பாத்தி, ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால், சுவர் மேலேயும் மண் கீழேயுமாக நிற்கும். உடனே மறுபடியும் எருவைக் கொண்டுவந்து மேலே கொட்டுவார்கள். இப்படியே வருஷா வருஷம் நடக்கும்.

இரண்டாவது, கரிமம் காற்றில் போனாலும் உப்பும் மணிச்சத்தும் போகாது. செடிக்குத் தழைச்சத்து நிறைய வேண்டும், மணிச்சத்து அதில் சிறு பங்கு போதும். எருவில் அந்த விகிதம் அப்படி இல்லை, மணிச்சத்து கூடுதல். தழைச்சத்தை மனதில் வைத்து எருவைக் கொட்டக் கொட்ட, செடி எடுக்காத மணிச்சத்து மண்ணிலேயே தங்கும். அது மிஞ்சிப்போனால் துத்தநாகமும் இரும்பும் செடிக்கு எட்டாமல் போகும். "இவ்வளவு எருவு போட்டும் இளம் இலை வெளுக்குதே சார்" என்று பரிசோதனைக் கூடத்துக்கு மண்ணோடு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மண்ணை அளந்து பார்த்தால் பசி இல்லை, அஜீரணம்!

மூன்றாவது, மக்காத எரு. இதுதான் கையோடு தெரியும் கெடுதி. ஒரு பள்ளிக்கூடத்தில் கோழிப் பண்ணையிலிருந்து நேராக வந்த எருவைப் பாத்தி முழுக்க நிரப்பி, மறுநாளே நாற்று நட்டார்கள். நாலாம் நாள் நாற்று முழுக்கக் கருகிவிட்டது. பிள்ளைகள் அழுதார்கள் என்று ஆசிரியர் வந்து சொன்னார். கோழி எருவில் தழைச்சத்து மூன்று சதவீதம் அளவில் இருக்கும். தொழு உரத்தில் அரை சதவீதம். ஆறு மடங்கு வீரியம். மக்காதபோது அதிலிருந்து அம்மோனியா கிளம்பும், சூடு கிளம்பும். முட்டைக் கோழிக்குத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து கொடுப்பதால் அதன் எருவிலும் சுண்ணாம்பு இருக்கும். ஏற்கெனவே காரத்தன்மை உள்ள மண்ணுக்கு அது இன்னொரு சுமை. மாட்டுச் சாணத்தைப் போல அளக்காமல் கோழி எருவை அள்ளிப் போடுவது மருந்தைச் சோற்றுக் கரண்டியால் அளப்பது மாதிரி.

மக்காத சாணிக் குப்பைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். வெள்ளையாக, கட்டைவிரல் தடிமனுக்கு அதன் புழுக்கள் இருக்கும். விடுதியைச் சுற்றி நாங்கள் படிக்கும்போது நட்ட தென்னைகள் இன்று காய்த்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் குருத்தைத் துளைக்கும் வண்டை நாமே பாத்தி கட்டி வளர்க்க வேண்டாம்.

உடம்பு எங்கிருந்து வரும்?

மண் எங்கே கிடைக்கும் என்பதுதான் பெரிய கேள்வி. பணம் கொடுத்தால் செம்மண் லோடு வரும். ஆனால் அது எங்கிருந்தோ ஒரு மேட்டையோ காட்டையோ சுரண்டி எடுத்தது. அங்குல மண் உண்டாக நூற்றாண்டுகள் ஆகும். விடுதிப் பிள்ளைகளுக்கு நல்ல கீரை கொடுக்கிறேன் என்று இன்னொருவர் நிலத்தைக் குழியாக்குவது தர்மமில்லை. தவிர, அப்படி வரும் செம்மண் பெரும்பாலும் ஆழத்து மண். நிறம் அழகாக இருக்கும், உயிர் இருக்காது.

நமக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நம் வளாகத்திலேயே கட்டப்போகும் புதிய வகுப்பறைக் கட்டடம். வானம் தோண்டும்போது மேலே உள்ள ஒரு அடி மண்ணை மட்டும் தனியாகக் குவித்து வையுங்கள் என்று ஒப்பந்தக்காரரிடம் இன்றே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அள்ளிவிட்டால் மேல்மண், அடிமண், கப்பி எல்லாம் ஒன்றாகிவிடும். சொல்வதற்குச் செலவு கிடையாது.

இரண்டு, ஏரி வண்டல். கோடையில் வண்டல் அடித்து வயலுக்குப் போடுவது நம் முன்னோர் செய்த வேலைதான். 2017-லிருந்து தமிழக அரசு ஏரி, குளங்களின் வண்டல் மண்ணை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதித்து வருகிறது. 2024-லிருந்து தாசில்தார் அளவிலேயே அனுமதி பெறலாம். கல்லூரித் தோட்டத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதை வருவாய்த் துறையில் இருக்கும் நம் சங்க நண்பர்கள் கேட்டுச் சொல்லட்டும். வண்டலில் களி அதிகம், நீரைப் பிடிக்கும், சத்தைப் பிடிக்கும். தனியாகப் போட்டால் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மேல்மண்ணோடு கலந்தால் பிரமாதம். சாயக்கழிவோ தோல் பதனிடும் கழிவோ வந்து சேரும் ஏரி என்றால் மட்டும் பக்கத்திலேயே போக வேண்டாம்.

வருகிற மண் எப்படிப்பட்டது என்று பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். பாதிக்குக் கீழே மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, ஜன்னல் ஓரம் வையுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் மணல் அடியில் படியும். சில மணி நேரத்தில் வண்டல் படியும். களி படிய ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். மூன்று அடுக்கையும் ஸ்கேல் வைத்து அளந்தால் மண்ணின் ஜாதகம் தெரிந்துவிடும். லோடில் கட்டட இடிபாடு கலந்திருக்கிறதா என்று சந்தேகமா? நம் வேதியியல் கூடத்திலிருந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ரெண்டு சொட்டு விடுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு. கார அமில நிலையையும் மின் கடத்துதிறனையும் அளக்க நம் கூடத்தில் இருக்கும் கருவிகளே போதும். ஒரு பங்கு மண், இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர், அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி அளவெடுங்கள். மின் கடத்துதிறன் ஒன்றுக்குக் கீழே இருந்தால் உப்புத் தொல்லை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இறுதியாண்டு மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி நான் சொல்லித்தர முடியாது.

நிரப்பும் முறை

பாத்திக்கு அடியில் இருப்பது கொட்டகை இடிந்த தரை. முதலில் கல், காறைத் துண்டுகளைப் பொறுக்க வேண்டும். கோரைக் கிழங்கை ஒன்றுவிடாமல் தோண்டி எடுக்க வேண்டும். அது ஒன்றரை அடி மண்ணையும் துளைத்துக்கொண்டு மேலே வரும். பிறகு கடப்பாரையால் ஒரு சாண் ஆழத்துக்கு நெம்பிவிட வேண்டும். அப்போதுதான் வேரும் தண்ணீரும் கீழே இறங்கும்.

மேஸ்திரி அண்ணன் என்னிடம், "அடியில முக்கால் ஜல்லி ஆறு அங்குலம் போட்டுருவோம் சார், தண்ணி நல்லா வடியும்" என்றார். அவருடைய அக்கறைக்கு நன்றி. ஆனால் அது நடக்காது. பொடி மண்ணில் இருக்கும் நீர், நுண்துளைகளின் ஈர்ப்பால் பிடிபட்டு நிற்கும். கீழே பெரிய இடைவெளி உள்ள ஜல்லி இருந்தால், மேல்மண் முழுவதும் தெப்பலாக நனைந்த பிறகுதான் நீர் ஜல்லிக்குள் இறங்கும். நனைந்த ஸ்பாஞ்சைக் கூழாங்கல் மேல் வைத்துப் பாருங்கள், அடிப்பக்கம் ஈரமாகவே நிற்கும். ஜல்லி போட்டால் செலவும் ஆகும், வேருக்கு ஆறு அங்குல இடமும் குறையும். நெம்பிய தரைமேல் நேராக மண் போடுவதுதான் சரி.

அடியிலிருந்து ஓரடி உயரத்துக்கு மண் மட்டும். எரு வேண்டாம். ஆழத்தில் போட்ட எரு, காற்றில்லாமல் அழுகி நாற்றமெடுக்கும். மரத்தூள், பச்சைத் தென்னை நார்க்கழிவு போன்றவையும் வேண்டாம். நார்க்கழிவில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாக நிற்கும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து நார்க்கழிவை மக்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுக்கிறது. அப்படி மக்கியதைப் பயன்படுத்தலாம்.

அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் தெளித்துப் படியவிட வேண்டும். காலால் மிதிக்கவோ திம்சு போடவோ கூடாது. மேலே உள்ள அரை அடியில்தான் எரு. அந்த அரை அடியின் அளவு 20 கன அடி. அதில் மூன்று பங்கு மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம். அதாவது ஒரு பாத்திக்கு 5 கன அடி, சட்டிக் கணக்கில் சுமார் பத்துச் சட்டி. பத்துப் பாத்திக்கும் சேர்த்து அரை யூனிட். கலவைக்காரர் சொன்ன மூன்று யூனிட் எங்கே, இந்த அரை யூனிட் எங்கே! இதுவே வயல் பரிந்துரையைப் போல எட்டு ஒன்பது மடங்கு. இது முதல் வருஷத்துக்கு மட்டும். அதற்குப் பிறகு ஒரு பயிருக்கு ஒரு சட்டி. அவ்வளவுதான்.

மண் லோடு சொல்லும்போது ஆறு யூனிட் என்று சொல்லாமல் ஏழு, ஏழரை யூனிட்டாகச் சொல்லுங்கள். உதிரியாக வரும் மண் படியத்தான் செய்யும். மிச்ச மண்ணை ஓரமாகக் குவித்து மூடி வையுங்கள். மழைக்குப் பிறகு இறங்கும் இடத்துக்கு அந்த மண்ணையே போட வேண்டும், எருவை அல்ல.

எரு மக்கிவிட்டதா என்று எப்படித் தெரியும்? இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் குத்தி, கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இன்னும் வேலை நடக்கிறது. கையில் எடுத்து மோந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வர வேண்டும், மூக்கில் ஏறக்கூடாது. கடைசிச் சோதனை விதை. ரெண்டு டம்ளரில் எரு கலந்த மண், ரெண்டு டம்ளரில் வெறும் மண். நாலிலும் தட்டைப்பயறு போடுங்கள். பத்து நாளில் இரண்டும் ஒரே மாதிரி வளர வேண்டும்.

இந்த விதைச் சோதனையைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 2008-ல் வீட்டுத் தோட்டங்களில் தக்காளி, உருளை, அவரை எல்லாம் இலை சுருண்டு முறுக்கிக்கொண்டன. காரணம் தேடிப் பார்த்தால், மேய்ச்சல் நிலத்தில் தெளித்த ஒரு களைக்கொல்லி, புல் வழியாக மாட்டின் வயிற்றுக்குள் போய், சிதையாமல் சாணத்தில் வந்து, மக்கிய பிறகும் மிச்சமிருந்தது. அந்த மருந்தின் பயன்பாட்டையே அப்போது நிறுத்தி வைத்தார்கள். எருவைக் கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நாலு தட்டைப்பயறு கண்டுபிடித்துவிடும்.

மொட்டை மாடி நண்பர்களுக்கு

காலையில் டீ குடிக்கும்போது மூன்று நண்பர்கள், "மாடியில இதே மாதிரி கட்டலாமா?" என்று கேட்டார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒன்றரை அடி மண் நனைந்தால் ஒரு சதுர மீட்டருக்கு எண்ணூறு கிலோவை எட்டும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். ஐந்து மடங்கு. நிரப்பிய அன்று ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் தெரியும். மாடியில் மேட்டுப்பாத்தி கட்டும் முன் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். இல்லையென்றால் மக்கிய நார்க்கழிவு கலந்த எடை குறைந்த கலவையைப் பைகளில் போட்டு, சுவரை ஒட்டி, இடம் விட்டு வையுங்கள்.

இனி செய்ய வேண்டியது

கெட்டுப்போன தரையில் பாத்தி கட்டிப் பிழைத்த ஊர்கள் உண்டு. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தபோது கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த உரமும் எண்ணெயும் நின்றுபோயின. ஹவானா நகரத்துக் காலி மனைகளில், இடிபாட்டின் மேல், ஓரம் கட்டிய பாத்திகளில் மண்ணும் மக்கும் நிரப்பிக் காய்கறி போட்டார்கள். அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனால் நம் விடுதியில் முந்நூறு பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அதில் பலர், அப்பா அம்மா கூலிக்குப் போய்ப் படிக்க வைக்கும் பிள்ளைகள். வாரத்தில் மூன்று நாள் சாம்பாரில் காய் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தம்பி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். பத்துப் பாத்தி அந்த முந்நூறு பேருக்கும் தினமும் காய் போட்டுவிடாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் நிறைவாகக் கீரை போடும், மிளகாய், கறிவேப்பிலை வாங்காமல் பார்த்துக்கொள்ளும். ரெண்டு வருஷத்தில் பாழாகிப் போனால், "முன்னாள் மாணவர் கட்டுன தொட்டி" என்று அதில் உடைந்த நாற்காலியைப் போட்டு வைப்பார்கள். அப்படி ஆன தொட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, பாதிக்குப் பாதி கலவையை வாங்க வேண்டாம். மேல்மண்ணும் வண்டலும் கிடைக்கும்வரை ஒரு மாதம் பொறுங்கள். செங்கல் எங்கும் ஓடிப்போய்விடாது.

இரண்டாவது, நம் வளாகத்து இலைச்சருகு. வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சியும் தினமும் கொட்டுகிற சருகைக் கூட்டி, மைதான ஓரத்தில் கொளுத்துகிறார்கள். காலையில் வரும்போதே அந்தப் புகை கண்ணைக் கரித்தது. நண்பர்களே, அது புகையல்ல, நம் பாத்திக்குப் போக வேண்டிய சாப்பாடு. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் இந்தூரில் தங்கி, நம் நாட்டு விவசாயிகளிடமும் கற்றுக்கொண்டு, சருகையும் சாணத்தையும் அடுக்கி, புரட்டிப் புரட்டி, மூன்று மாதத்தில் மக்கவைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். யஷ்வந்த் வாட் என்ற இந்திய விஞ்ஞானியோடு சேர்ந்து 1931-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அந்தப் புகழ்பெற்ற முறைக்கு வேண்டியது சருகு, சாணம், தண்ணீர், புரட்ட நாலு கைகள். நான்கும் இங்கே இருக்கின்றன. பாத்திக்கு ஒரு பயிருக்கு ஒரு சட்டி என்ற கணக்குக்கு இந்த வளாகத்துச் சருகு தாராளமாகப் போதும். அப்புறம் எரு வாங்க சங்கத்திடம் வர வேண்டியதே இல்லை.

மூன்றாவது, கோடை விடுமுறை. விடுதி பூட்டியிருக்கும் மே மாதத்தில்தான் இந்த மாதிரித் தோட்டங்கள் செத்துப்போகின்றன. விடுமுறைக்கு முன்னால் பாத்தியைக் காலியாக விடாமல் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கிவிட்டு, மேலே சருகு மூடாக்குப் போட்டுவிட்டுப் போகலாம். மண்ணின் மேல் வெயில் நேராக விழக்கூடாது. வாரம் ஒரு முறை தண்ணீர் விட ஊர்க்கார மாணவர் இருவரைப் பொறுப்பாக்கி, அவர்கள் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். பெயர் எழுதினால் வேலை நடக்கும்.

முடிக்கும் முன் ஒரு செய்தி. அதே ரோதம்ஸ்டட்டில் இன்னொரு வயல், பார்லி வயல். அதில் ஒரு பகுதிக்கு 1852-லிருந்து 1871 வரை மட்டும் எரு போட்டார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து அளந்து பார்த்தபோதும், எருவே காணாத பக்கத்து நிலத்தைவிட அந்தப் பகுதியில் மக்கு கூடுதலாகவே இருந்தது. போட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போட்டது இருக்கிறது. இருபது வருஷம், வருஷம் தவறாமல், அளவாகப் போட்டார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

நாம் ஆண்டுக்கு ஒரு முறை வந்து, போட்டோ எடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போகிறோம். அடுத்த ஆண்டு வரும்போது போட்டோ எடுக்கும் முன் பத்துப் பேர் பாத்திப் பக்கம் வாருங்கள். ஆளுக்கு ஒரு சட்டி எரு, ஆளுக்கு ஒரு பாத்தி. கால் மணி நேர வேலைதான். வேட்டி அழுக்காகும், பரவாயில்லை. தம்பி தங்கையரே, மண்ணைப் பாட்டிலில் குலுக்கி அளந்த கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள், பதில் கட்டாயம் போடுவேன்.